ஆறாவது பத்தி

காலை ஒன்பதேகாலுக்குக் கண்ணாடிக்கடையின் ஷட்டர் பாதிதான் ஏறும். மீதிப் பாதி ஏற ஒன்பதரை ஆகும். அந்தக் கால் மணி நேரம் பவர் அண்ணனுடையது. குனிந்து உள்ளே போவார். செருப்பைக் காலாலேயே அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டு, கடையின் பின்பக்கம் இருக்கும் கண் பார்க்கும் அறையில் விளக்கைப் போடுவார். இழுப்பறையிலிருந்து மஞ்சள் துணி வெளியே வரும். முதலில் லென்ஸ் பெட்டியின் மூடி. அடுத்து, லென்ஸுகளை மாற்றி மாற்றிச் செருகிப் பார்க்கிற சோதனைச் சட்டம். கடைசியாக அட்டை. அட்டைக்கு மட்டும் தனி மரியாதை உண்டு. வாயால் ஆவி ஊதி, துணியின் சுத்தமான மூலையால் துடைப்பார். துடைத்த கையோடு அதை எதிரே பிடித்து, முதல் பத்தியிலிருந்து ஆறாவது பத்திவரை ஒரே மூச்சில் படிப்பார். உதடு அசையும், சத்தம் வராது. கடைசி முற்றுப்புள்ளிக்கு ஒரு தலையசைப்பு.

"கண்ணு சுத்தம்" என்று தனக்கே சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போய் மீதி ஷட்டரை ஏற்றுவார். இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாளும் இது தவறியதில்லை.

கிட்டப்பார்வை சரியாக இருக்கிறதா என்று பார்க்க எல்லாக் கண்ணாடிக்கடையிலும் வைத்திருக்கிற அட்டைதான் அது. ஆறு பத்திகள். முதல் பத்தி கட்டைவிரல் நகம் அளவு எழுத்தில் இருக்கும். கீழே போகப் போகச் சிறுத்து ஆறாவது பத்தி கடுகு மாதிரி ஆகிவிடும். ஒருவன் மழையில் நனைந்து வீட்டுக்கு வருகிறான். வீடு பூட்டியிருக்கிறது. சாவியைத் தேடுகிறான். கடைக்குப் போகிறான், நண்பன் வீட்டுக்குப் போகிறான், வந்த வழியெல்லாம் திரும்ப நடக்கிறான். ஆறாவது பத்தியில் சாவி அவனுடைய சட்டைப் பையிலேயே கிடைக்கிறது. ஆனால் முக்கால்வாசிப் பேருக்கு நாலாவது பத்தியோடு கண் நின்றுவிடும். அந்த ஆள் கடைசியில் வீட்டுக்குள் போனானா இல்லையா என்று தெரியாமலே அவர்கள் எழுந்து போயிருக்கிறார்கள். ஆறாவது பத்தியைத் தொடுகிறவர்கள் அபூர்வம். தான் அந்த அபூர்வங்களில் ஒருவர் என்பது பவர் அண்ணனுக்கு உள்ளூர ஒரு பெருமை. நாற்பத்தொன்பது வயதில், நாள் முழுக்கக் கண்ணாடிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, மூக்கின் மேல் ஒரு கண்ணாடி இல்லை.

'பவர்' என்பது கடைத்தெரு வைத்த பெயர். வீட்டில் அந்தப் பெயருக்குச் செல்வாக்கு கிடையாது. அவர் மனைவி மருந்துக் கம்பெனியில் புட்டிகளுக்கு ஒட்டுகிற லேபிளைச் சரிபார்க்கிறவர். "பவர் எல்லாம் கடையோட, இங்க நான் சொல்றதுதான் ரீடிங்" என்பார். பவர் அண்ணன் நாளெல்லாம் வாடிக்கையாளர்களிடம் கேட்கிற "இது தெளிவா, அது தெளிவா?" என்ற கேள்வியை, அவர் புதுச் சட்டை போட்டு வந்து நிற்கும்போதெல்லாம் மனைவி அதே குரலில் திருப்பிக் கேட்டுச் சிரிப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு நாள் முதலாளி புத்தகம் ஒன்றோடு அறைக்குள் வந்தார். முதலாளி சின்ன வயசுக்காரர். அப்பா காலத்திலிருந்தே கடையில் இருப்பவர் என்பதால் பவர் அண்ணனை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். வந்தவர் உட்காரவில்லை. அரசாங்கம் புதுச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது, இனிமேல் கடையில் கண் பார்ப்பவருக்குச் சான்றிதழ் வேண்டும், ஏழு மாதத்தில் பரீட்சை என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. பாஸ் பண்ணிட்டா இந்த ரூம் உங்களோடதுதான். இல்லன்னா படிச்ச பொண்ணு யாரையாவது போட்டாகணும். நீங்க முன்னாடி ஃப்ரேம் பக்கம் வந்துடலாம்."

முன்னாடி என்றால் திருகாணி முடுக்குவது, மூக்குப்பட்டை மாற்றுவது, டியூப்லைட் வெளிச்சத்தில் நாள் முழுக்க நிற்பது. அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த இருட்டு அறை வேறு. இருட்டில் உட்கார்ந்ததும் மனிதர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். முரட்டு ஆள்கூட மோவாயைத் தூக்கிக்கொண்டு குழந்தை மாதிரி உட்காருவான். லென்ஸ் பெட்டியில் எந்தக் குழியில் எந்த லென்ஸ் என்று விரலுக்கே தெரியும். எண்ணைப் பார்க்கவே வேண்டாம். இங்கே அவரை யாரும் 'என்ன படிச்சிருக்கீங்க?' என்று கேட்டதில்லை.

அவர் படித்தது பத்துவரை. பத்திலும் ஒரு வாத்தியார், வகுப்பு மொத்தமும் கேட்க, "உன் மண்டைக்கும் புத்தகத்துக்கும் ஜென்மப் பகைடா" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். அதற்குப் பிறகு புத்தகம் பக்கம் போனதில்லை.

முன்னூற்றுப் பதினெட்டுப் பக்கம். மனைவி புத்தகத்தைக் கையில் எடை பார்த்துவிட்டு, ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் என்றால் ஐந்தரை மாதத்தில் முடிந்துவிடும், மிச்சம் திரும்பப் படிக்க என்று அப்போதே கணக்குச் சொல்லிவிட்டார். சாயங்காலம் கடை விட்டு வந்ததும் காபி, பிறகு புத்தகம் என்று ஏற்பாடு. முதல் நாள் இரண்டு பக்கம் ஓடியது. மூன்றாம் நாள் வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார ஆரம்பித்தன. எழுத்து சாம்பல் நிறத்தில் ஊர்ந்தது. நெற்றிப்பொட்டில் வலி. வலி போனால் தூக்கம். ஒன்பதாம் பக்கத்தில் கண்ணை நீளவாக்கில் வெட்டிக் காட்டும் படம் ஒன்று இருந்தது. அந்தப் படத்தைத் தாண்ட முடியவில்லை. படம் அப்படியே மார்பில் கவிழ்ந்து கிடக்கும்.

"புத்தகம் உங்களைப் படிச்சு முடிச்சிடுச்சுபோல" என்று மனைவி அதை எடுத்து மூடி வைப்பார்.

படித்தது மறந்துவிட்டது என்று மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். மறுபடி ஒன்பது. மூன்றாவது தடவையும் ஒன்பது. ஒரு மாதம் போயிருந்தது. வாத்தியார் சொன்னது சரிதான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் மனைவி விடமாட்டார்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. தான் படிக்க முடியாவிட்டால் என்ன, நாள் முழுக்கத் தன் எதிரே உட்கார்ந்து உரக்கப் படிப்பதற்கென்றே இருபது பேர் வருகிறார்களே. அட்டையை எடுத்து இழுப்பறையில் வைத்தார். அட்டை இருந்த தாங்கியில் புத்தகத்தைப் பத்தாம் பக்கத்தில் திறந்து நிறுத்தினார். தலைப்புகள் பெரிய எழுத்து, உடல் நடுத்தரம், அடிக்குறிப்பு பொடி. சோதனைக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? என்ன இது என்று கேட்ட முதலாளிக்கும் பதில் தயாராக இருந்தது. பழைய ஆட்களுக்கு அட்டை மனப்பாடம் ஆகிவிட்டது, பார்க்காமலே ஒப்பித்துவிடுகிறார்கள், அப்படிச் சோதித்தால் பவர் எப்படிச் சரியாக வரும் என்று கேட்டார். முதலாளி வியந்துபோனார். இத்தனை வருஷ அனுபவம் என்றால் சும்மாவா என்றார்.

அன்றிலிருந்து ஊர் படிக்க ஆரம்பித்தது. நாளுக்கு ஒரு பக்கம். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் பந்தலில் மைக் பிடித்து அறிவிப்பதுபோல் படித்தார். வங்கிக்காரர் கண்புரை பற்றிய பத்தியைப் படித்துவிட்டு, சட்டத்தைக் கழற்றாமலே, தனக்கும் அது வந்திருக்குமோ என்று வியர்த்தார். ஓர் இளம் தாய் மாறுகண் பற்றிய இடத்தில் நிறுத்திவிட்டு மடியில் இருந்த குழந்தையின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பவர் அண்ணன் பென்சிலோடு உட்கார்ந்திருப்பார். யார் எந்த வரியைத் தடுமாறாமல் படிக்கிறாரோ அந்த வரிக்கு நேரே ஓரத்தில் அவருடைய பவரைக் குறித்துவைப்பார். எழுத்து கொஞ்சம் பெரிதாகவே விழும். குறிப்பு எழுதிப் படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொள்ள அது உதவியது.

இரண்டு மாதத்தில் ஊர் அறுபதாம் பக்கத்தைத் தாண்டியது. மனைவிக்குச் சந்தேகம். ஒரு சாயங்காலம் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு கேட்டார்.

"நாப்பதாம் பக்கத்துல என்ன இருக்கு?"

"நாப்பது... அது செவ்வாய்க்கிழமை. மெக்கானிக் வந்தாரு. பவர் ரெண்டேகால். 'ஒளிவிலகல்'ங்கற இடத்துல தடுக்கினாரு."

"ஒளிவிலகல்னா என்ன?"

பவர் அண்ணன் கழுத்தைச் சொறிந்தார். "அதான் சொல்றேனே, அங்கதான் தடுக்கினாரு."

மனைவி புத்தகத்தை மூடினார். சிரிப்பார் என்று பவர் அண்ணன் எதிர்பார்த்தார், மனைவி சிரிக்கவில்லை. "பரீட்சைக்கு ஊரைத்தான் அனுப்பணும் போல" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். கேலியில் சிரிப்பு இல்லாதபோது அது எவ்வளவு தூரம் உள்ளே போகும் என்று பவர் அண்ணனுக்கு அன்றைக்குத் தெரிந்தது. நாலே மாதம் பாக்கி.

அடுத்த வாரம் தையல்கார அக்கா வந்தார். பக்கத்துத் தெருவில் கடை, வருஷத்துக்கு ஒரு தடவை கண் பார்ப்பார். அறுபது வயதிருக்கும். ஒரு கேள்விக்கு மேல் கேட்காதவர். சட்டத்தை மாட்டிக்கொண்டு படித்துவந்தவர் அடிக்குறிப்பில் ஒரு சொல்லில் நின்றார்.

"தம்பி, இது என்ன எழுத்து? அச்சு அழிஞ்சிருக்கா, என் கண்ணு அழிஞ்சிருக்கா?"

பவர் அண்ணன் புத்தகத்தை வாங்கினார். பார்த்தார். கை கொஞ்சம் தள்ளிப்போனது. இன்னும் கொஞ்சம். தலை பின்னால் சாய்ந்தது. தையல்கார அக்கா சோதனைச் சட்டத்தை மெல்லக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"கை இன்னும் நீளமா இருந்தா தேவலைபோல."

பவர் அண்ணன் சிரித்தார். அச்சுதான் மோசம், என் கண்ணில் ஒரு குறையும் இல்லை, தினமும் பார்க்கிறேன் என்றார். நிரூபிக்க இழுப்பறையிலிருந்து அட்டையை எடுத்தார். கடுகு எழுத்துவரை படிக்கிறேன், கேளுங்க என்று ஆரம்பித்தார். மழை, பூட்டிய வீடு. இரண்டு பத்தி தாண்டியது. அக்கா, ஊசி குத்தாமலிருக்க விரலில் உலோகத் தொப்பி போட்ட கையை நீட்டி, உள்ளங்கையால் அட்டையை மூடினார்.

பவர் அண்ணன் நிற்கவில்லை. அவன் நண்பன் வீட்டுக்குப் போனான். வந்த வழியெல்லாம் திரும்ப நடந்தான். சட்டைப் பையில் கைவிட்டான். சாவி கிடைத்தது. முற்றுப்புள்ளிக்குத் தலையசைக்கும்போதுதான் தான் பார்த்துக்கொண்டிருப்பது அட்டையை அல்ல, தழும்பேறிய ஒரு கையின் பின்பக்கத்தை என்று தெரிந்தது.

"கையை எடுக்கட்டுமா?" என்றார் அக்கா.

பவர் அண்ணன் அட்டையைக் கீழே இறக்கினார். பிறகு அக்காவே சொன்னார். "எங்க வேலையில நாப்பத்தஞ்சு தாண்டினா ஊசி சொல்லிடும் தம்பி. நூல் காதுக்குள்ள போகாது. உங்களுக்கு ஊசி இல்ல, அட்டைதான் இருந்துச்சு. அது பாவம், நீங்க சொல்றதையே திருப்பிச் சொல்லிட்டிருந்திருக்கு."

இதே நாற்காலியில் உட்கார்ந்த எத்தனையோ பேருக்கு அவர் சொன்ன வார்த்தை ஒன்று உண்டு: வயசுக்கு வர்றதுதான், பயப்பட ஒண்ணுமில்ல. அதை இப்போது சொல்ல அந்த அறையில் ஆள் இல்லை. அக்காவின் பவரைக் குறித்துக் கொடுத்து, கதவுவரை வந்து அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அறைக்குள் மனைவி வந்தது அன்றுதான். அவர் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி அவருடைய ஸ்டூலில். இடது பக்கம், மேல்வரிசை, மூணாவது குழி என்று அவர் சொல்லச் சொல்ல மனைவி லென்ஸை எடுத்துச் சட்டத்தில் செருகினார். லேபிள் பார்த்துப் பழகிய கண். லென்ஸின் கைப்பிடியில் இருந்த பொடி எண்ணை வெளிச்சம் தேடாமலே வாசித்தார். செருகிவிட்டு, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, அவருடைய குரலிலேயே கேட்டார்.

"இது தெளிவா, அது தெளிவா?"

சிரிப்பு வரவில்லை அவருக்கு. பதில் சொல்வது இவ்வளவு கஷ்டம் என்று அவர் நினைத்ததே இல்லை. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே என்று இழுப்பவர்களிடம் எத்தனை தடவை முகம் சுளித்திருக்கிறார்.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே" என்றார்.

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. பின்னாடி ஆளுங்க காத்திட்டிருக்காங்க."

ஒண்ணே முக்காலில் வந்து நின்றது. புத்தகத்தைக் கையில் எடுத்தார், ஒன்பதாம் பக்கம். எழுத்துகள் கறுப்பாக இருந்தன. அதுதான் முதலில் உறைத்தது. மட்டமான மை, சாம்பல் அச்சு என்று அவர் நம்பிக்கொண்டிருந்த புத்தகம் கன்னங்கரேலென்று அச்சாகியிருந்தது. ஒவ்வொரு மெய்யெழுத்தின் தலையிலும் அதனதன் புள்ளி, மழை விட்டபின் கம்பியில் நிற்கும் துளி மாதிரி. கண்ணின் படத்தில் இருந்த பத்து அம்புக்குறிகளும் ஆளுக்கொரு இடத்தைக் காட்டின. படத்தைத் தாண்டிப் பக்கத்தைப் புரட்டினார்.

"போலாமா?" என்றார் மனைவி.

"இரு. இந்தப் பக்கம் மட்டும்."

கொஞ்ச நேரம் கழித்து, புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல், "அப்ப மண்டை காரணமில்லையா?" என்று கேட்டார்.

"மண்டை எப்பவும் இருந்த மாதிரியேதான் இருக்கு. கண்ணுதான் போயிடுச்சு" என்றார் மனைவி.

கண்ணாடி வந்ததும் எல்லாம் ஓடிவிட்டது என்று சொன்னால் அது பொய். முப்பது வருஷம் புத்தகத்தைத் தொடாத மனசு, பழகாத மாடு மாதிரி இரண்டு வரிக்கு ஒரு தடவை வேலியைத் தாண்டியது. முதல் வாரம் ஒரு பக்கத்துக்கே முழுக் கால் மணி நேரம் ஆனது. ஆனால் பக்கக் கணக்கை அவர் விட்டுவிட்டார். நேரத்தைப் பிடித்துக்கொண்டார். ஷட்டர் பாதி ஏறியிருக்கும் நேரம் படிக்கிற நேரம். மீதி ஏறினால் முடிந்தது. அட்டை ஒப்பித்த அதே நாற்காலி, அதே விளக்கு, அதே மஞ்சள் துணி. புதிதாக ஒன்றைப் பழகுவதைவிடப் பழைய பழக்கத்துக்குள் வேறு ஒன்றை வைப்பது சுலபமாக இருந்தது. அடையாளத்துக்குத் தையல்கார அக்கா கொடுத்த சிவப்பு நூல். படித்ததை ஒரே வாக்கியமாகப் பழைய சீட்டின் பின்பக்கத்தில் எழுதிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். சாப்பிடும்போது மனைவி பையில் கைவிட்டு எடுத்து, அதிலிருந்து ஒரு கேள்வி கேட்பார். பதில் வராவிட்டால் அடுத்த கரண்டி தாமதமாகும்.

மூன்றாவது வாரம் கால் மணி நேரம் போதவில்லை. ஒன்பதேகால் ஒன்பதாகி, எட்டே முக்கால் ஆனது. பாதி ஷட்டருக்கு வெளியே நடந்து போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். உள்ளே பக்கம் புரளும் சத்தம்.

ஊர் படித்த பக்கங்களுக்குள் இப்போது அவர் தானாக நுழைந்தபோது, அங்கே குரல்கள் காத்திருந்தன. தபால்காரரின் முழக்கம், வங்கிக்காரரின் வியர்வை. நாற்பதாம் பக்கத்தில் மெக்கானிக் தடுக்கிய இடத்தில் அவரும் தடுக்கி நின்றார். நாலு தடவை படித்தார். பிறகு எழுந்து போய்த் தண்ணீர் டம்ளரில் கரண்டியைப் போட்டுப் பார்த்தார். கரண்டி உடைந்து தெரிந்தது. மெக்கானிக் மறுபடி கடைக்கு வந்தபோது அவரைப் பிடித்து உட்கார வைத்து டம்ளரைக் காட்டினார். மெக்கானிக் கரண்டியை எடுத்துப் பார்த்து, திரும்பப் போட்டுப் பார்த்து, "இதைத்தான் அன்னிக்கு நான் படிச்சேனா?" என்றார்.

பரீட்சைக்கு முதல் நாள் முன்னூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் சிவப்பு நூல் நின்றது. பரீட்சை அறையில் இருந்த எல்லோரும் அவர் பிள்ளை வயசு. கண்காணிப்பாளர் அவரைப் பார்த்து, கூட வந்தவர்கள் வெளியே உட்கார வேண்டும் என்றார். பவர் அண்ணன் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, மஞ்சள் துணியால் துடைத்து, மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. அறுபத்தொன்று மார்க், பாஸ். முதலாளி சான்றிதழைச் சட்டம் போட்டு அறைச் சுவரில் மாட்டினார், கொஞ்சம் கோணலாக. மனைவி வந்து பார்த்தார். தள்ளி நின்று ஒரு தடவை, கிட்டே போய் ஒரு தடவை. கிண்டலாக ஏதாவது சொல்வார் என்று முதலாளிகூடக் காத்திருந்தார். அவர் முந்தானையால் அந்தக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போனார்.

பரீட்சை முடிந்த மறுநாள் காலையும் ஷட்டர் பாதிதான் ஏறியது. உட்கார்ந்தார். படிக்க ஒன்றும் இல்லை. கை பழைய ஞாபகத்தில் இழுப்பறைக்குப் போய், அட்டையைத் தொட்டு, விட்டுவிட்டு வந்தது. அன்று சாயங்காலமே நூலகத்தில் சேர்ந்தார். என்ன வேண்டும் என்று கேட்டவரிடம் கண்ணைப் பற்றி இல்லாத எதுவாக இருந்தாலும் சரி என்றாராம். இப்போது தாங்கியில் அன்றன்றைக்கு அவர் படிக்கிற பக்கம்தான் இருக்கும். கதை பாதியில் நிற்கிறது, மிச்சம் என்ன ஆயிற்று என்று கேட்டுப் போவதற்கென்றே சிலர் பவர் மாறாமலும் வருகிறார்கள். அட்டை தையல்கார அக்காவிடம் போய்ச் சேர்ந்தது. கெட்டியான அட்டை, காலர் வெட்ட அதைத்தான் துணிமேல் வைத்து அளவு போடுகிறார். சாவி தேடுகிறவன் பாதியாக வெட்டுப்பட்டிருக்கிறான்.

பாடப்புத்தகம் வேறொரு கடையில் பரீட்சைக்குத் தயாராகும் ஒருவர் கைக்குப் போய்விட்டது. அதை இப்போது யார் புரட்டினாலும் இது தெரியும். பவர் அண்ணன் மூன்று தடவையும் நின்றுபோன ஒன்பதாம் பக்கத்துக்கு மூன்றே பக்கம் தள்ளி, பன்னிரண்டாம் பக்கத்தின் முதல் வரி: 'பரிசோதகர் தமக்கு மனப்பாடமான அட்டையைக் கொண்டு தம் கண்ணைத் தாமே சோதித்துக்கொள்ளக் கூடாது.' வரிக்கு நேரே ஓரத்தில், பெரிய எழுத்தில், பென்சிலில், பதினொரு பேருடைய பவர்கள். பதினொரு பேரும் அதைத் தடுமாறாமல் அவருக்கு உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். அவற்றுக்குக் கீழே பன்னிரண்டாவதாக ஒன்று, சின்ன எழுத்தில், நிதானமாக: 1.75.